கோட்டை நிற்கிறது, லயம் எங்கே?

பேராவில் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களில் பலர் பத்து காஜா கெல்லி கோட்டைக்குச் சுற்றுலா போயிருப்பார்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்த ரப்பர் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1915 வாக்கில் அதைக் கட்டத் தொடங்கினார். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தன. கட்டுவதற்கு மதராஸ் பக்கமிருந்து தமிழர்கள் அழைத்து வரப்பட்டார்கள். முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் பரவிய விஷக் காய்ச்சலில் அவர்களில் பலர் மாண்டார்கள். தொழிலாளர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி அருகிலேயே மாரியம்மன் கோயில் ஒன்றும் எழுந்தது. அந்தக் கோயில் கூரையில், தெய்வச் சிலைகளுக்கு நடுவே தொப்பி அணிந்த வெள்ளைக்காரர் உருவம் ஒன்று நிற்கும். அது கெல்லி ஸ்மித்தான் என்பார்கள். 1926இல் அவர் லிஸ்பனில் இறந்துபோக, கோட்டை பாதியிலேயே நின்றுவிட்டது.

பாதியில் நின்ற அந்தக் கட்டடத்தைச் செப்பனிட்டு, நுழைவுக் கட்டணம் வைத்து, இன்றுவரை பாதுகாத்து வருகிறார்கள். முதலாளியின் அறை எது, மது வைத்த நிலவறை எது என்று நாம் சுற்றிப் பார்க்கலாம். ஆனால், அதைக் கட்டியவர்கள் எந்த லயத்தில் படுத்து எழுந்தார்கள் என்று கேட்டால், சுட்டிக் காட்ட அங்கே ஒரு லயம் நிற்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு பொது நிர்வாகம் படிக்கிறேன். இந்தப் பருவத்தில் எங்களுக்குத் ‘திட்ட மதிப்பீடு’ என்று ஒரு பாடம். அரசாங்கத் திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது சொன்னதைச் செய்ததா, யாருக்குப் பயன்பட்டது, யாரை விட்டுவிட்டது என்று ஆராய்ந்து புள்ளி போட வேண்டும். நண்பர்கள் பேருந்துச் சேவை, கல்விக் கடன், மலிவு விலை வீடு என்று எடுத்தார்கள். நான் பாரம்பரியப் பாதுகாப்பை எடுத்துக்கொண்டேன். என் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பேராவில் வாழ்கிறது. அந்த வாழ்க்கையில் இரண்டு தலைமுறை கழிந்த தோட்டம் இன்று வரைபடத்தில் இல்லை. அதுதான் காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் பழமையான இடங்களையும் பொருள்களையும் காக்க 2005ஆம் ஆண்டு தேசிய பாரம்பரியச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 2006 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி தேசிய பாரம்பரியத் துறை, அதாவது ஜாபாத்தான் வாரிசான் நெகாரா, அமைந்தது. ஆணையர் ஒருவரும் பாரம்பரியப் பதிவேடும் உண்டு. ஓர் இடம் முறைப்படி அறிவிக்கப்பட்டு அரசிதழில் வந்துவிட்டால், அதை அனுமதியின்றி இடிப்பது குற்றம்.

ஆனால் நிலம் மாநில அரசாங்கத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. பாரம்பரியப் பாதுகாப்போ 2005இல் கூட்டரசும் மாநிலமும் பகிர்ந்துகொள்ளும் பொதுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆகவே மத்தியில் இருக்கும் துறை ஓர் இடத்தைப் பாரம்பரிய இடமாக அறிவிக்க நினைத்தால், அந்த மாநிலத்தைக் கலந்து பேசியாக வேண்டும். நில உரிமையாளருக்கும் முன்னறிவிப்புக் கொடுத்து, அவருடைய ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும்.

இந்த அமைப்பு நல்லது எதையும் செய்யவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. 2008இல் மலாக்காவும் ஜோர்ஜ் டவுனும், 2012இல் நம் பேராவின் லெங்கோங் பள்ளத்தாக்கும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. 1991இல் லெங்கோங் குகையில் கிடைத்த பேரா மனிதனின் எலும்புக்கூடு ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுப் பழமையானது. அதைத் தோண்டி எடுத்ததும், ஆராய்ந்ததும், உலகம் ஏற்கும்படி ஆவணப்படுத்தியதும் சாதாரண வேலையல்ல.

புள்ளியை எப்படிப் போடுவது?

ஒரு பாரம்பரியத் திட்டம் வெற்றி பெற்றதா என்று எப்படி அறிவது? எத்தனை இடங்களை அறிவித்தார்கள், எவ்வளவு செலவிட்டார்கள், எத்தனை சுற்றுப்பயணிகள் வந்தார்கள் என்று எண்ணுவது எளிது. ஆண்டறிக்கையில் போடவும் அழகாக இருக்கும். ஆனால் அவை எல்லாம் அலுவலகம் என்ன செய்தது என்பதைத்தான் சொல்கின்றன. காக்க வேண்டியது காக்கப்பட்டதா என்பதை அவை சொல்லவில்லை.

இதை எனக்கு நன்றாக விளக்கியது இந்தியாவின் அனுபவம். அங்கே தொல்லியல் துறையின் பாதுகாப்பில் 3,600க்கும் மேற்பட்ட நினைவுச் சின்னங்கள் இருப்பதாகப் பட்டியல் சொன்னது. தலைமைக் கணக்குத் தணிக்கை அலுவலகம் அதை அப்படியே நம்பிவிடவில்லை. 1,655 இடங்களுக்கு ஆள் அனுப்பி நேரில் பார்க்க வைத்தது. அவற்றில் 92 காணவில்லை என்று 2013ஆம் ஆண்டு அறிக்கையில் எழுதியது. தாளில் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள், தரையில் இல்லை! பின்னர் தேடியதில் சில கிடைத்தன. இருந்தாலும் 2022இல் 50 சின்னங்கள் காணாமற்போனதாக நாடாளுமன்றக் குழுவிடம் ஒப்புக்கொள்ளப்பட்டது. நகரம் விழுங்கியவை 14, அணைக்கட்டு நீரில் மூழ்கியவை 12, எங்கே என்றே கண்டுபிடிக்க முடியாதவை 24.

இங்கிலாந்தில் வேறொரு வழி. எந்தெந்தப் பாரம்பரியக் கட்டடம் அழியும் நிலையில் இருக்கிறது என்று ஆண்டுதோறும் ஓர் ‘ஆபத்துப் பட்டியல்’ வெளியிடுகிறார்கள். இவ்வாண்டு எத்தனை காப்பாற்றப்பட்டுப் பட்டியலிலிருந்து நீங்கின, எத்தனை புதிதாகச் சேர்ந்தன என்று யாரும் பார்க்கலாம். இழப்பை மறைக்காமல் எண்ணுவதால்தான் அந்தக் கணக்குக்கு மதிப்பு.

நம் நாட்டில் இழப்புகள் எப்படி நேர்ந்தன? கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் 1929இல் கட்டப்பட்ட போக் மாளிகை 2006 டிசம்பரில் இடிக்கப்பட்டது. புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. 2013இல் கெடா பூஜாங் பள்ளத்தாக்கில், ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையான 11ஆம் எண் சண்டி, வீடமைப்புக்காக நிலத்தைச் சமன் செய்தபோது தரைமட்டமானது. நிலம் தனியாருடையது, சண்டி அரசிதழில் இல்லை என்று விளக்கம் வந்தது. இரண்டு கட்டடங்களும் முறையான அறிவிப்பு பெறாதவை. ஆகவே ‘அறிவிக்கப்பட்ட இடங்களில் எத்தனை அழிந்தன?’ என்ற கணக்கில் இந்த இரண்டும் வராது. பட்டியலை மட்டும் பார்த்துப் புள்ளி போட்டால், பட்டியலுக்கு வெளியே அழிந்தவை கண்ணிலேயே படாது.

ஈயத்துக்கு இடம் உண்டு, ரப்பருக்கு?

இனி நம் பேராவுக்கு வருவோம். இந்த மாநிலம் ஈயத்தாலும் ரப்பராலும் வளர்ந்தது. ஈயத்தின் கதையைப் பார்க்க இன்று பல இடங்கள் உள்ளன. தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டிய டி.டி.5 ஈயக் கப்பல் பழுதுபார்க்கப்பட்டுப் பொதுமக்கள் ஏறிப் பார்க்க நிற்கிறது. கம்பாரில் ஈயச் சுரங்க அருங்காட்சியகம் உண்டு. ஈப்போவில் 1893இல் தொடங்கிய ஹக்கா சுரங்க முதலாளிகளின் மன்றமான ஹான் சின் பெட் சூ, 2015 முதல் காட்சியகமாக இயங்குகிறது.

ரப்பருக்கு? கோலகங்சாரில் ஒரு மரம் இருக்கிறது. 1877இல் நட்ட ஒன்பது கன்றுகளில் எஞ்சி நிற்பது அது என்று சொல்லப்படுகிறது. வேலி போட்டு, பலகை வைத்து மரியாதையாகப் பார்த்துக்கொள்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால், மரத்தைக் காத்த நாம் அதை வெட்டிப் பால் எடுத்தவர்களின் வீட்டைக் காத்தோமா? முழுமையாகப் பாதுகாக்கப்பட்ட ரப்பர் தோட்ட லயம் ஒன்றைப் பேராவில் காட்டுங்கள் என்று என் வகுப்பு நண்பர்களிடமும் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டேன். ஒருவராலும் காட்ட முடியவில்லை.

தோட்டம் என்பது வெறும் மரக் காடு அல்ல. அது ஒரு சின்ன ஊர். என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். உளியும் வாளியுமாக நிரைக்குப் போவார்கள். கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகையில். கொஞ்சம் வளர்ந்ததுகள் தோட்டப் பள்ளியில். பத்துக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னதால் வந்த பள்ளிகள் அவை. வெட்டிய பால் ஸ்டோருக்குப் போகும். மாலையில் கோயில் மணி ஒரு பக்கம், கள்ளுக்கடைச் சத்தம் ஒரு பக்கம். இன்று அந்த இடத்தில் ஒரு தாமான். தெருக்களுக்குப் பூக்களின் பெயர். அங்கே தோட்டம் இருந்ததைச் சொல்ல ஒரு பலகைகூட இல்லை.

சுங்கை சிப்புட் தோட்டங்களுக்கு நாட்டு வரலாற்றிலும் இடம் உண்டு. 1948 ஜூன் 16 அன்று எல்ஃபில் தோட்டத்திலும் அதையடுத்த தோட்டத்திலும் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்தே அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. இது இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் பாடத்தில் வரும் செய்தி. அந்தக் காலத்தில் அங்கே வாழ்ந்த தொழிலாளர்கள் எப்படி இருந்தார்கள் என்பதுதான் வராத செய்தி.

சொந்தக்காரர் யார்?

ஏன் இப்படி? யாரோ திட்டமிட்டு நம்மை ஒதுக்கினார்கள் என்று சொல்வது சுலபம். ஆராய்ந்தபோது எனக்குப் பட்ட காரணம் வேறு. இந்தத் திட்டமே உரிமையாளரை மையமாக வைத்து ஓடுகிறது. முன்னறிவிப்பு உரிமையாளருக்கு. ஆட்சேபம் சொல்லும் வாய்ப்பு உரிமையாளருக்கு. ஹக்கா மன்றத்துக்குச் சொந்தக் கட்டடம் இருந்தது, உறுப்பினர் இருந்தார்கள், பழைய படங்கள் இருந்தன. ஆகவே காப்பாற்ற ஓர் அமைப்பு இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கோ நூறு ஆண்டு வாழ்ந்த லயம்கூடச் சொந்தமில்லை. அது கம்பெனி வீடு. தோட்டம் கைமாறினால் வீடும் போச்சு, பள்ளியும் போச்சு, கோயிலுக்கும் சிக்கல். நான்கு தலைமுறை பிறந்து வளர்ந்த இடத்தைப் பற்றிய முடிவில் அவர்களுக்கு எந்தக் கடிதமும் வராது.

போனது கட்டடம் மட்டுமா? தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேடு இருக்கும். யார் எப்போது வேலைக்குச் சேர்ந்தார், எந்த லயம், எத்தனை பிள்ளை என்பதெல்லாம் அலுவலகத் தாள்களில் கிடக்கும். என் உறவினர் ஒருவர் தம் பிறப்பை நிரூபிக்கப் பல ஆண்டு அலைந்தார். பிறந்த தோட்டத்தின் அலுவலகமும் இல்லை, அதன் தாள்களும் இல்லை. பழைய தாள் என்று தூக்கி எறிந்தது சிலருக்கு அடையாள அட்டையின் விலை.

தமிழ்ப்பள்ளிகளைப் பாருங்கள். 1957இல் 888 பள்ளிகள் இருந்தன. இன்று 530க்கும் குறைவு. எல்லா மாநிலங்களையும் விடப் பேராவில்தான் அதிகம். மூடப்படாமல் தப்பிய தோட்டப் பள்ளிகளில் பல, மாணவரைத் தேடிப் பட்டணத்துக்கு இடம் மாறிவிட்டன. அது சரியான முடிவு. பிள்ளைகள் இல்லாத இடத்தில் பள்ளி எதற்கு? ஆனால் இடம் மாறும்போது பழைய மணி, வருகைப் பதிவேடு, முதல் ஆசிரியரின் படம் ஆகியவையும் லாரியில் ஏறினவா என்று கேட்க ஒரு திட்டம் இல்லை.

அப்பாவின் கேள்வி

இதை வீட்டில் சொன்னபோது அப்பா கேட்டார்: “லயத்தில் மழை ஒழுகும். பத்து வீட்டுக்கு ஒரு குழாய். அந்தக் கஷ்டத்தை எதுக்கும்மா காட்சிக்கு வைக்கணும்? நாங்க அதிலிருந்து வெளியே வரத்தானே பாடுபட்டோம்?”

நியாயமான கேள்வி. லயத்தில் யாரையும் மறுபடி குடியேற்றச் சொல்லவில்லை. தோட்ட நிலம் எல்லாவற்றையும் முடக்கிப் போடவும் சொல்லவில்லை. வீடு தேவைப்படுகிறவர்களில் நம்மவரும் உண்டு. ஆனால் துன்பப்பட்ட இடத்தைக் காத்த நாடுகள் இருக்கின்றன. மொரிஷியஸில் ஒப்பந்தக் கூலிகள் கப்பலிலிருந்து இறங்கிய ஆப்ரவாசி காட் கட்டடத்தை அரசாங்கமே பாதுகாத்தது. 1834 முதல் 1920 வரை ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் அந்தத் தீவுக்கு வந்தார்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு. 2006இல் அது உலகப் பாரம்பரியமானது. இலங்கையில் கம்பளை அருகே, தேயிலைத் தொழிலாளர் வாழ்ந்த பழைய லயன் அறைகளிலேயே 2007 முதல் ஓர் அருங்காட்சியகம் இயங்குகிறது. அதை உருவாக்கியது ஒரு தொண்டு நிறுவனம். பத்துக்கு எட்டு அறையையும், புகை படிந்த அடுப்பையும் பார்க்கிற பிள்ளைக்குத் தாத்தா சொன்ன கஷ்டம் கதையல்ல என்று புரியும். கோட்டையை மட்டும் பார்க்கிற பிள்ளைக்கு முதலாளியின் பெயர்தான் மனத்தில் நிற்கும்.

என் மதிப்பெண்

ஐந்து கேள்விகள் வைத்து மதிப்பிட்டேன். பட்டியலில் எல்லாச் சமூகத்தின் வாழ்க்கையும் இருக்கிறதா? பட்டியலில் உள்ளவற்றை யாராவது நேரில் போய்ப் பார்த்து, நிலையை ஆண்டுதோறும் வெளியிடுகிறார்களா? ஆபத்து வரும்போது இடிப்பு இயந்திரத்துக்கு முன்னால் அதிகாரி போய்ச் சேர்கிறாரா? உரிமையாளர் அல்லாத, ஆனால் அங்கே வாழ்ந்த மக்களைக் கேட்கிறார்களா? காக்கப்பட்ட இடத்தில் சொல்லப்படும் கதை முழுமையானதா?

தொல்லியலுக்கும், ஈப்போ ரயில் நிலையம் போன்ற பெருங் கட்டடங்களுக்கும் நல்ல புள்ளி கொடுக்கலாம். 1917இல் முடிந்த அந்த நிலையம் இன்றும் நிலையமாகவே பயன்படுகிறது என்பது பெரிய விஷயம். அதே பழைய நகரில் பங்லிமா சந்தைப் பாருங்கள். முகப்புச் சுவர்கள் இருக்கின்றன, நினைவுப் பொருள் கடைகள் இருக்கின்றன, முன்பு குடியிருந்த குடும்பங்களைத்தான் காணோம். சுவருக்கு ஏ கொடுத்தாலும் வாழ்க்கைக்கு சி தான் கொடுக்க முடியும். தோட்டப்புறத்துக்கு வந்தால் தேர்வுத் தாளே வெறுமையாக இருக்கிறது. மொத்தத்தில் நான் போட்டது சி+. அந்த ‘+’ எதற்கு என்றால், சட்டத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது.

தேசியப் பாரம்பரியமாக அறிவிக்க ஒன்றை முன்மொழிய யாருக்கும் உரிமை உண்டு என்று சட்டம் சொல்கிறது. உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. பேராசிரியராகவும் இருக்க வேண்டியதில்லை. கட்டடம் அழகாக இருக்க வேண்டும் என்பது பல அளவுகோல்களில் ஒன்று மட்டுமே. சமூகத் தொடர்பு, அருமை, ஒரு வகைக்கு எடுத்துக்காட்டாக இருத்தல், கல்விக்குப் பயன்படுதல் ஆகியவையும் அளவுகோல்களே. ஒரு லயம் இவற்றில் எதில் தோற்கும்?

உரிமையாளர் சிக்கலுக்கும் ஒரு வழி தெரிகிறது. துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர்களே பங்குதாரர்கள். அதுபோல நம்மவர் கையில் இருக்கும் தோட்டம் ஒன்றில் பழைய லயமும் பெரட்டுக் களமும் கொண்ட ஒரு மூலையைக் காத்தால், மற்ற முதலாளிகளிடம் பேசும்போது காட்ட ஒரு முன்மாதிரி கிடைக்கும்.

மாணவர்களாகிய நமக்கும் வேலை உண்டு. அடுத்த விடுமுறையில் தாத்தா பாட்டியிடம் தோட்டத்தின் பெயர், டிவிஷன், லய எண், பள்ளி ஆசிரியர் பெயர் ஆகியவற்றைக் கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ், குழுப் படங்களைத் தெளிவாகப் படம் எடுத்து, தேதியும் இடமும் எழுதி வையுங்கள். தேசிய ஆவணக் காப்பகம் தனியார் சேகரிப்புகளையும் ஏற்கிறது. புந்தோங், சுங்கை சிப்புட், பாகான் செராய் என்று பட்டணத்துக்கு வந்துவிட்ட தோட்டக் குடும்பங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றன. நான் பேசிய பெரியவர்களில் இளையவருக்கே எழுபது வயது.

என் ஆய்வுக்காகத் தேடியபோது, செம்பனைக்கு நடுவே ஆறு கதவு கொண்ட ஒரு பழைய லயம் இன்னும் நிற்பதைக் கண்டோம். கூரை பாதி போய்விட்டது, சுவர் உறுதியாக இருக்கிறது. நாங்கள் நால்வர் அதை நாடா வைத்து அளந்து, படம் வரைந்து, அங்கே வாழ்ந்த மூன்று பேரின் நினைவுகளை எழுதி முடித்திருக்கிறோம். நில உரிமையாளருக்குக் கடிதம் போய்விட்டது. முன்மொழிவு பாரத்தை இந்த மாதம் அனுப்புகிறோம். பக்கத்துப் பத்தையில் மறுநடவுக்கான வேலை தொடங்கிவிட்டதால் நேரம் அதிகம் இல்லை. உங்கள் ஊரிலும் அப்படி ஒன்று நின்றால், அதை நீங்களும் அளக்கத் தொடங்குங்கள்.